விண்டோஸ் 11 லொகேஷன் பக்கம்: எந்த சுவிட்ச் வேலை செய்கிறது, எது பேருக்கு இருக்கிறது

கடையில் வாங்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றில் ஜி.பி.எஸ். சிப் கிடையாது. டெஸ்க்டாப்பில் கேட்கவே வேண்டாம். ஆனாலும் பிரவுசரில் மேப்பைத் திறந்து அனுமதி கொடுத்தால் நீலப்புள்ளி நம் தெருவில், சில சமயம் நம் வீட்டு மொட்டைமாடியிலேயே வந்து நிற்கிறது. அதை அங்கே கொண்டுவந்து நிறுத்துவது அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை ரவுட்டர்கள்தான். விண்டோஸ் 11-இன் லொகேஷன் பக்கத்தில் உள்ள சுவிட்சுகளில் பாதி, இந்த ரவுட்டர் பட்டியலை யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்பதற்கானவை. அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் இது புரியாது. அங்கிருந்தே குழப்பம் தொடங்குகிறது.

இந்த விமர்சனம் 2024 அக்டோபர் 1 அன்று வெளியான 24எச்2 பதிப்பை வைத்து எழுதப்பட்டது. அதற்கு முந்தைய 23எச்2-வில் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அது கீழே வரும். விண்டோஸ் 10-இல் இதே பக்கம் செட்டிங்ஸ், பிரைவசி, லொகேஷன் என்ற வழியில் இருக்கும். அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் அதை விட்டுவிடுவோம்.

இடம் எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது

விண்டோஸ் நான்கு வழிகளில் இடத்தைத் தேடுகிறது: ஜி.பி.எஸ்., வைஃபை, செல்போன் டவர், ஐ.பி. முகவரி. ஆப் எழுதுபவர்களுக்கான மைக்ரோசாஃப்ட் குறிப்பு இவற்றின் துல்லியத்தை இப்படிச் சொல்கிறது: ஜி.பி.எஸ். என்றால் சுமார் 10 மீட்டர், வைஃபை என்றால் 30 முதல் 500 மீட்டர், டவர் என்றால் 300 முதல் 3,000 மீட்டர், ஐ.பி. என்றால் 1,000 முதல் 5,000 மீட்டர். முதல் மூன்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்காவது நம் ஊருக்குப் பொருந்தாது. ஐ.பி. முகவரி காட்டுவது உங்கள் வீட்டை இல்லை, இன்டர்நெட் கம்பெனி எந்த ஊரில் வைத்து உங்கள் இணைப்பை வெளியுலகோடு சேர்க்கிறதோ அந்த ஊரை. தென்காசியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சென்னை வானிலையோ பெங்களூரு வானிலையோ தெரிவது இதனால்தான். 5 கிலோமீட்டர் பிசகு என்றால் மன்னிக்கலாம், 600 கிலோமீட்டரை என்ன சொல்வது?

வைஃபை வழி இப்படி வேலை செய்கிறது. ஒவ்வொரு ரவுட்டரும் நொடிக்குச் சுமார் 10 முறை தன் பெயரையும் தன் அடையாள எண்ணையும் காற்றில் அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த எண்ணுக்கு பி.எஸ்.எஸ்.ஐ.டி. என்று பெயர், ரவுட்டரின் வைஃபை மேக் அட்ரஸ் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் கம்ப்யூட்டர் தன் காதில் விழும் எண்களையும் ஒவ்வொன்றின் சிக்னல் பலத்தையும் தொகுத்து மைக்ரோசாஃப்ட் சர்வருக்கு அனுப்புகிறது. எந்த ரவுட்டர் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பெரிய பட்டியல் அங்கே இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்து அட்சரேகை, தீர்க்கரேகை திரும்பி வருகிறது.

இதில் நடைமுறைக்கு உதவும் விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த ரவுட்டர்களில் எதனுடனும் நீங்கள் கனெக்ட் ஆகியிருக்க வேண்டியதில்லை, காதில் விழுந்தால் போதும். லேன் கேபிளில் இன்டர்நெட் ஓடும் லேப்டாப் தப்பான ஊரைக் காட்டினால், டாஸ்க்பாரில் வைஃபையை ஆன் செய்துவிட்டு எதிலும் சேராமல் விட்டுப்பாருங்கள். கேபிளில் இன்டர்நெட், காற்றில் லொகேஷன் என இரண்டும் சேர்ந்து ஓடும். வைஃபையே இல்லாத டெஸ்க்டாப் என்றால் சில நூறு ரூபாய் யு.எஸ்.பி. வைஃபை டாங்கிள் ஒன்று போதும். ஏரோபிளேன் மோடில் இருந்தால் இது எதுவும் நடக்காது. லொகேஷன் தப்பாக வருகிறது என்பவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

குறை இரண்டு. அடுக்குமாடி வீட்டில் இருபது ரவுட்டர் காதில் விழும், புள்ளி கச்சிதமாக வரும். தோப்புக்கு நடுவே ஒற்றை வீடு என்றால் விழுவது உங்கள் ரவுட்டர் மட்டும்தான். அது பட்டியலில் இல்லையென்றால் மறுபடி ஐ.பி.-தான் கதி. இரண்டாவது, வீடு மாறும்போது ரவுட்டரையும் தூக்கிக்கொண்டு போவது. மதுரையில் இரண்டு வருடம் இருந்த ரவுட்டரைக் கோவையில் மாட்டினால், பட்டியல் புதுப்பிக்கப்படும்வரை உங்கள் கம்ப்யூட்டர் மதுரையிலேயே இருப்பதாக நினைக்கலாம். சுற்றிலும் வேறு ரவுட்டர்கள் இருந்தால் சீக்கிரம் சரியாகும். இதில் செட்டிங்ஸைப் புரட்டிப் பயனில்லை, அது சர்வர் பக்கத்துக் கணக்கு.

பக்கத்துக்குள் போவோம்

விண்டோஸ் கீயையும் ஆங்கில ஐ (I) எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ். இடப்பக்கம் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி. கீழே உருட்டினால் ஆப் பெர்மிஷன்ஸ் என்ற தலைப்பில் முதலாவதாக லொகேஷன்.

மேலே இருப்பது லொகேஷன் சர்வீசஸ். இது மொத்த மெஷினுக்கான மெயின் சுவிட்ச். அட்மின் அக்கவுண்ட் இருந்தால்தான் மாற்ற முடியும். ஒருவர் ஆஃப் செய்தால் அந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் எல்லாருக்கும் ஆஃப். அதன் கீழே 'லெட் ஆப்ஸ் ஆக்சஸ் யுவர் லொகேஷன்'. இது உங்கள் அக்கவுண்டுக்கு மட்டும். பிள்ளைகளுக்குத் தனி அக்கவுண்ட் வைத்திருந்தால் அங்கேயும் போய்த் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கும் கீழே ஸ்டோர் ஆப்களின், அதாவது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக வந்த ஆப்களின் வரிசை. கேமரா, வெதர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச், கடைசியாக எப்போது இடத்தைப் பார்த்தது என்ற நேரம். இதுவரை நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

வரிசை முடியும் இடத்தில், உருட்டிப் பார்க்காதவர் கண்ணில் படாத ஓரத்தில், 'லெட் டெஸ்க்டாப் ஆப்ஸ் ஆக்சஸ் யுவர் லொகேஷன்' என்று ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்தில் கவலைப்பட வேண்டிய சுவிட்ச் இதுதான். நாம் அன்றாடம் ஓட்டும் புரோகிராம்களில் பெரும்பான்மை ஸ்டோருக்கு வெளியே வந்தவை: குரோம், ஃபயர்ஃபாக்ஸ், மீட்டிங் சாஃப்ட்வேர், கேம் லாஞ்சர்கள், ரிமோட் சப்போர்ட் கருவிகள். இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு சுவிட்ச். கீழே பட்டியல் வருகிறது, யார் எப்போது பார்த்தார்கள் என்றும் வருகிறது. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் தனி சுவிட்ச் கிடையாது. குரோமுக்கு உண்டு, அந்த கேம் லாஞ்சருக்கு இல்லை என்று சொல்ல வழியில்லை. எல்லாருக்கும் திறந்துவிடு, இல்லாவிட்டால் எல்லாருக்கும் மூடு. கதவு நான்கு, சாவி ஒன்று.

இன்னொன்றையும் மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் ஒப்புக்கொள்கிறது: டெஸ்க்டாப் ஆப்களில் சில இந்தப் பட்டியலில் தெரியாமல் போகலாம், சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் வைஃபை, புளூடூத், செல்லுலார் மோடம் போன்றவற்றை வைத்து அவை தாமாகவே இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ஸ்டோர் ஆப் விண்டோஸ் கட்டிய வேலிக்குள் ஓடுகிறது. டெஸ்க்டாப் புரோகிராம் வேலிக்கு வெளியே, உங்கள் அக்கவுண்டுக்கு இருக்கும் உரிமையோடு ஓடுகிறது. அதனால் முதல் வகைக்கு ஆஃப் என்றால் ஆஃப். இரண்டாம் வகைக்கு அது பாதி வேண்டுகோள் மாதிரி.

மீதி விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரீசன்ட் ஆக்டிவிட்டி என்ற கீழிறங்கு பட்டியல் கடந்த 7 நாட்களில் யார் இடம் கேட்டார்கள் என்று காட்டும்; வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. டீஃபால்ட் லொகேஷன் என்பது வேறு வழி எதுவும் கிடைக்காதபோது பயன்படும் மாற்று. வைஃபை இல்லாத டெஸ்க்டாப்புக்கு ஓரளவு உதவும், ஆனால் இடத்தை ஏமாற்றிக் காட்ட உதவாது. துல்லியமான தகவல் கிடைத்த நொடியில் விண்டோஸ் அதற்குத் தாவிவிடும். பழைய பதிப்புகளில் இது மேப்ஸ் ஆப்பைத் திறக்கும், அந்த ஆப்பை 2025 ஜூலையில் ஸ்டோரிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 'அலவ் லொகேஷன் ஓவர்ரைட்' என்பது ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை செய்பவர்களுக்கானது: தூரத்து மெஷின் தன் இடத்தை விட்டுவிட்டு நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளும். வீட்டுக் கம்ப்யூட்டரில் தேவைப்படாது. கடைசி 24 மணி நேர இடங்களைச் சேமித்து, பழைய குரல் உதவியாளர் கோர்ட்டானா போன்றவற்றுக்குத் தந்த லொகேஷன் ஹிஸ்டரியை 2025 தொடக்கத்தில் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. போகட்டும், யாரும் அழப்போவதில்லை.

போனில் பழகியவர்கள் தேடும் ஒன்று இங்கே இல்லை. ஐஓஎஸ் 14-இல் இருந்தும் ஆண்ட்ராய்டு 12-இல் இருந்தும் ஒரு ஆப்புக்குத் துல்லியமான இடத்தைத் தராமல் தோராயமான இடத்தை மட்டும் தர முடியும். விண்டோஸ் 11-இல் ஆப் வாரியாக அப்படிப் பிரிக்க முடியாது. வெதர் ஆப்புக்கு ஊர் தெரிந்தால் போதும், வாசல்படி எதற்கு? ஒரு எளிய வழி, வெதருக்கு லொகேஷனை மூடிவிட்டு ஊர்ப்பெயரைக் கையால் கொடுத்துவிடுவது.

24எச்2 செய்த நல்ல காரியம்

2024 வரை விண்டோஸில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. லொகேஷனை ஆஃப் செய்திருந்தாலும் எந்த டெஸ்க்டாப் புரோகிராமும் சுற்றியுள்ள வைஃபை பட்டியலை பி.எஸ்.எஸ்.ஐ.டி. எண்களோடு வாங்கிக்கொள்ள முடிந்தது. பட்டியல் கையில் இருந்தால் இடம் கையில் இருக்கிறது என்று அர்த்தம். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்துவைத்த கதை. ஆண்ட்ராய்டு 2015-இல் 6.0 பதிப்பிலேயே இதை அடைத்துவிட்டது. ஐஓஎஸ் 2019-இல், 13-ஆம் பதிப்பில், கனெக்ட் ஆகியிருக்கும் வைஃபை பெயரைச் சொல்லவே அனுமதி கேட்கத் தொடங்கியது. விண்டோஸ் 24எச்2-வில்தான் வந்து சேர்ந்தது. இப்போது வைஃபை பட்டியலைக் கேட்கும் புரோகிராமுக்கும் லொகேஷன் அனுமதி வேண்டும். முதல்முறை கேட்கும்போது திரையில் ஒரு பெட்டி வரும். 'நோட்டிஃபை வென் ஆப்ஸ் ரிக்வெஸ்ட் லொகேஷன்' என்ற புதிய சுவிட்ச் ஆஃபில் இருந்தால் அந்தப் பெட்டி வராது, மறுப்பு சத்தமில்லாமல் நடக்கும். இதை ஆனில் வையுங்கள். எந்த புரோகிராம் எதற்காகக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழியில்லை. வால்பேப்பர் மாற்றும் சின்ன புரோகிராம் உங்கள் இடத்தைக் கேட்டால் அதை அன்-இன்ஸ்டால் செய்வதே முறை.

நல்ல காரியத்துக்கும் பக்கவிளைவு உண்டு. கமாண்ட் பிராம்ப்டில் நெட்ஷ் டபிள்யூலேன் (netsh wlan) கட்டளைகளை ஓட்டி வைஃபை சிக்னல் பார்ப்பவர்கள் 24எச்2-வுக்கு மாறிய அன்றே முட்டிக்கொண்டார்கள். 'ஷோ இன்டர்ஃபேசஸ்', 'ஷோ நெட்வொர்க்ஸ்' இரண்டும் லொகேஷன் அனுமதி வேண்டும் என்று சொல்லி நின்றுவிடுகின்றன. பிழை எண் 5, அதாவது அனுமதி மறுப்பு. டிரைவரைத் திரும்ப இன்ஸ்டால் செய்வதோ அடாப்டரை மாற்றுவதோ வீண். லொகேஷன் சர்வீசஸ், லெட் ஆப்ஸ், லெட் டெஸ்க்டாப் ஆப்ஸ் மூன்றையும் ஆன் செய்துவிட்டுக் கட்டளையை மறுபடி ஓட்டினால் போதும். வைஃபை சேனல் பார்க்கும் கருவிகள் காலிப் பட்டியல் காட்டுவதற்கும் காரணம் இதுவே.

பிரவுசருக்கு மூன்று பூட்டு

மேப் தளம், உணவு டெலிவரி தளம், கடைகளின் 'அருகிலுள்ள கிளை' பக்கம் எதுவானாலும் வரிசையாக மூன்று இடத்தில் அனுமதி வேண்டும்: விண்டோஸில், பிரவுசரில், அந்தத் தளத்துக்கு. ஒன்று மூடியிருந்தாலும் தளம் 'லொகேஷன் கிடைக்கவில்லை' என்றே சொல்லும், எந்தப் பூட்டு என்று சொல்லாது. பின்னாலிருந்து பார்த்து வருவது சுலபம். தளத்தைத் திறந்து முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தை அழுத்துங்கள். லொகேஷன் பிளாக் ஆகியிருந்தால் அங்கேயே தெரியும், அங்கேயே மாற்றலாம். பிறகு குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், லொகேஷன். அங்கே எல்லாத் தளங்களுக்கும் மறுப்பு என்று வைத்திருந்தால் கேள்விப் பெட்டியே வராது. கடைசியில் விண்டோஸ் பக்கம். மூன்றும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் முகவரியைப் பாருங்கள்: பூட்டில்லாத பழைய எச்.டி.டி.பி. தளங்களுக்கு இடம் தருவதை குரோம் 2016-இல் 50-ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது.

எட்ஜிலும் குரோமிலும் ஒரே மேசையில் இரண்டு வேறு இடம் தெரிந்தால் திகைக்க வேண்டாம். குரோம் நெடுங்காலமாக ரவுட்டர் எண்களை கூகுளின் பட்டியலோடு ஒப்பிட்டு வந்தது, எட்ஜ் மைக்ரோசாஃப்ட் பட்டியலோடு. இரண்டு நிறுவனங்களும் ஒரே தெருவை வேறு வேறு நாளில் கணக்கெடுத்திருக்கலாம்.

இணைப்பை வேறு ஊர் சர்வர் வழியாகத் திருப்பிவிடும் வி.பி.என். போட்டால் இடம் மறைந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மறைவது ஐ.பி. வழியாகத் தெரியும் இடம் மட்டும். அனுமதி கொடுத்த தளத்துக்கு பிரவுசர் வைஃபை வழியாக இடம் சொன்னால், வி.பி.என். ஆம்ஸ்டர்டாமில் இருந்தாலும் நீலப்புள்ளி அண்ணா நகரிலேயே நிற்கும். தலைகீழ்ச் சிக்கலும் உண்டு: வைஃபை ரேடியோ இல்லாத டெஸ்க்டாப்பில் வி.பி.என். போட்டால் விண்டோஸுக்குக் கிடைப்பது ஐ.பி. மட்டுமே என்பதால் வெதர், கடிகாரம் எல்லாம் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்விடலாம்.

வெப்சைட் உருவாக்குபவர்கள் வேறு ஊரில் எப்படித் தெரிகிறது என்று சோதிக்க விண்டோஸ் செட்டிங்ஸைத் தொடவே வேண்டாம். குரோமிலும் எட்ஜிலும் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, மூன்று புள்ளி, மோர் டூல்ஸ், சென்சார்ஸ் என்று போனால் மும்பை, டோக்கியோ, லண்டன் போன்ற ஊர்கள் தயாராக இருக்கும். அட்சரேகை, தீர்க்கரேகையைக் கையாலும் கொடுக்கலாம். அந்த டேபுக்கு மட்டும், டூல்ஸ் திறந்திருக்கும்வரை மட்டும்.

ஆஃப் செய்தால் என்னென்ன போகும்

மூடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. ஃபைண்ட் மை டிவைஸ் முதலாவது. பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில்தான் அதுவும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டும் அட்மின் உரிமையும் வேண்டும். லேப்டாப் காணாமல் போனால் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் தளத்தில் டிவைசஸ் பகுதிக்குப் போய்க் கடைசியாக இருந்த இடத்தைப் பார்க்கலாம், தூரத்திலிருந்தே லாக் செய்யலாம். சார்ஜும் இன்டர்நெட்டும் இருந்தால்தான் புதிய இடம் வரும், எடுத்தவர் விண்டோஸை அழித்துவிட்டால் அதோடு சரி. போனில் இருக்கும் வசதியோடு ஒப்பிட்டால் சோனி. இருந்தும் பஸ்ஸில் மறந்துவிட்ட லேப்டாப்புக்கு உதவும் ஒரே கயிறு இது. லோக்கல் அக்கவுண்டில் ஓடும் மெஷினுக்கு இந்த வசதி கிடையாது.

இரண்டாவது, தானாக மாறும் டைம் சோன். டைம் அண்ட் லாங்குவேஜ், டேட் அண்ட் டைம் பக்கத்தில் உள்ள 'செட் டைம் சோன் ஆட்டோமேட்டிக்கலி' லொகேஷனை நம்பித்தான் ஓடுகிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கும் இங்கும் லேப்டாப்போடு பறப்பவருக்கு இது அருமை. இந்தியா முழுவதும் ஒரே நேரம் என்பதால் வீட்டு டெஸ்க்டாப்புக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை, வி.பி.என். போட்ட அன்று கடிகாரம் குதிக்கும் நஷ்டம் மட்டும் உண்டு. அதை ஆஃப் செய்துவிட்டு 5:30 வரிசையில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என்றிருப்பதைக் கையால் வைத்துவிடுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு நேரம் அதேதான் என்றாலும் விண்டோஸில் ஸ்ரீ ஜெயவர்த்தனபுர என்று தனி வரி இருக்கிறது.

மூன்றாவது, இரவில் திரையின் நீல ஒளியைக் குறைக்கும் நைட் லைட். சூரியன் மறைவது முதல் உதிப்பது வரை என்ற தேர்வு மங்கலாக அழுத்த முடியாமல் இருந்தால் லொகேஷன் ஆஃபில் இருக்கிறது என்று பொருள். 'செட் அவர்ஸ்' எடுத்து மாலை 6:30, காலை 6 என்று கையால் வைத்தால் முடிந்தது. நம் ஊரில் வருடம் முழுக்க அஸ்தமன நேரம் சுமார் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாறுவதில்லை.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். லாங்குவேஜ் அண்ட் ரீஜன் பக்கத்தில் 'கன்ட்ரி ஆர் ரீஜன்' என்று இருப்பதற்கும் லொகேஷனுக்கும் சம்பந்தமில்லை. அது ஸ்டோரும் சில ஆப்களும் எந்த நாட்டுக்கான சரக்கைக் காட்ட வேண்டும் என்பதற்கானது. அதை மாற்றி வெதர் சரியாகும் என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர். விட்ஜெட் பலகையில் வெதர் கார்டுக்குத் தனியே ஊர் வைக்கும் இடம் இருக்கிறது: கார்டின் மூலையில் மூன்று புள்ளி. என்றோ ஒருநாள் அங்கே கையால் வைத்த ஊர், விண்டோஸ் சரியான இடத்தைச் சொன்ன பிறகும் அசையாமல் நிற்கும்.

சுவிட்ச் மங்கலாக இருந்தால்

மெயின் சுவிட்சைத் தொட முடியாமல் சாம்பல் நிறத்தில் இருப்பதற்குக் காரணங்கள் மூன்றுதான். அக்கவுண்ட் அட்மின் இல்லை. இதற்கு அட்மின் அக்கவுண்டில் நுழைவது ஒன்றே வழி. அல்லது பக்கத்தின் மேலே 'சம் ஆஃப் தீஸ் செட்டிங்ஸ் ஆர் மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்ற வரி இருக்கும். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐ.டி. ஆட்களிடம் கேளுங்கள், நீங்களாகத் தோண்ட வேண்டாம். சொந்த மெஷினில் அந்த வரி வந்தால், விண்டோஸை 'லேசாக்குகிறேன்' என்று யாரோ தந்த ஸ்கிரிப்டை எப்போதோ ஓட்டியிருக்கிறீர்கள் என்பதே பெரும்பாலும் விடை. புரோ பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனன்ட்ஸ், லொகேஷன் அண்ட் சென்சார்ஸ் வரை போய் 'டர்ன் ஆஃப் லொகேஷன்' என்பதை நாட் கான்ஃபிகர்டு ஆக்குங்கள். அதே விண்டோஸ் காம்போனன்ட்ஸ் கீழே ஆப் பிரைவசியிலும் லொகேஷனுக்கு ஒரு வரி உண்டு. பலர் முதலாவதை மட்டும் திருத்திவிட்டு ஏன் சரியாகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் கிடையாது. அங்கே எந்தக் கருவியால் மூடினீர்களோ அதே கருவியில் திரும்பப் போடும் வசதியைத் தேடுவதே பாதுகாப்பு.

மூன்றாவது காரணம் பின்னணியில் ஓடும் சர்வீஸ் முடங்கியிருப்பது. ஸ்டார்ட்டில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து ஜியோலொகேஷன் சர்வீஸ் என்ற வரியை இருமுறை அழுத்துங்கள். ஸ்டார்ட்அப் டைப் டிசேபிள்டு என்றிருந்தால் மேனுவல் ஆக்கி, அப்ளை, பிறகு ஸ்டார்ட். ஆட்டோமேட்டிக் தேவையில்லை; கேட்கும்போது தானே எழுந்துகொள்ளும். புள்ளி பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்போதும் இந்த சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்ப்பது நல்லது.

எப்படி வைக்கலாம்

வெளியே எடுத்துப்போகும் லேப்டாப்பில் மெயின் சுவிட்ச் ஆன், ஃபைண்ட் மை டிவைஸ் ஆன், ஸ்டோர் ஆப்களில் தேவையில்லாதவை எல்லாம் ஆஃப். டெஸ்க்டாப் ஆப்ஸ் சுவிட்சை ஆஃபிலேயே வைத்துவிட்டு, மேப் பார்க்க வேண்டிய அன்று மட்டும் திறந்துகொள்வதே எங்கள் பரிந்துரை. எரிச்சலாகத்தான் இருக்கும். ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி சுவிட்ச் வரும்வரை இதைவிட நல்ல வழி தெரியவில்லை. மேசையை விட்டு நகராத டெஸ்க்டாப்பில் மெயின் சுவிட்சையே ஆஃப் செய்துவிடலாம். வெதர் ஊரும் நைட் லைட் நேரமும் டைம் சோனும் கையால் வைத்துவிட்டால் இழப்பு ஒன்றுமில்லை. வைஃபை வேலை பார்க்கும் டெக்னீஷியன் மெஷினில் எல்லாம் ஆன், வேறு வழியில்லை. டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் அம்புக்குறி முளைத்தால் அந்த நொடியில் ஏதோ ஒன்று இடத்தைப் பார்க்கிறது. மவுஸை அதன்மேல் வைத்தால் பெயர் தெரியும்.

ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் இதே வேலையைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் லொகேஷன் சர்வீசஸ் போனால் குரோம் உட்பட ஒவ்வொரு ஆப்புக்கும் தனி சுவிட்ச், கடந்த 24 மணி நேரத்தில் பயன்படுத்தியதற்கு அம்புக்குறி. விண்டோஸில் இல்லாத தனிச் சாவி அங்கே பல வருடங்களாக இருக்கிறது. லினக்ஸில் ஜியோக்ளூ என்ற சேவை நம்பியிருந்த மொசில்லாவின் ரவுட்டர் பட்டியல் 2024-இல் மூடப்பட்டதால், பழைய பதிப்பு ஓட்டுபவர்களுக்கு இடம் கிடைக்காமல் போவது சகஜம்.

கடைசியாக, உங்கள் ரவுட்டரே அந்தப் பட்டியல்களில் இருக்க வேண்டாம் என்று நினைத்தால் செய்ய வேண்டியது. வைஃபை பெயரின் முடிவில் ஒரு அண்டர்ஸ்கோர் போட்டு, இடைவெளி விடாமல், சிறிய ஆங்கில எழுத்தில் நோமேப் (_nomap) என்று சேர்த்தால் கூகுளும் ஆப்பிளும் அந்த ரவுட்டரைக் கணக்கில் எடுப்பதில்லை. பெயர் மாறியதும் வீட்டிலுள்ள போன், டிவி, கேமரா எல்லாவற்றையும் மறுபடி கனெக்ட் செய்ய வேண்டிவரும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் செய்யுங்கள். மைக்ரோசாஃப்டுக்குப் பெயர் மாற்றம் போதாது. அவர்கள் பிரைவசி தளத்தில் லொகேஷன் சர்வீசஸ் விலகல் பக்கத்தில் ரவுட்டரின் மேக் அட்ரஸைக் கொடுக்க வேண்டும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். அது பல ரவுட்டர்களில் வைஃபை எண்ணாக இருக்காது, 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கும் தனித்தனி எண் வேறு இருக்கும். சரியான எண்ணைப் பார்க்க இரண்டிலும் மாறி மாறி கனெக்ட் ஆகி, நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ் (netsh wlan show interfaces) ஓட்டி பி.எஸ்.எஸ்.ஐ.டி. வரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். 24எச்2-வில் அந்தக் கட்டளை ஓட முதலில் லொகேஷனை ஆன் செய்ய வேண்டும்.